இரண்டு பிள்ளைகளுக்கும் தட்டைப் பாதம், ஒருத்திக்கு மட்டும் அறுவைச் சிகிச்சை

எங்கள் வீட்டில் கிருஷ்ண ஜெயந்தியன்று கண்ணன் பாதத்தைக் கை முஷ்டியால் பதிக்கும் வழக்கமில்லை. வீட்டுக் குழந்தைகளின் பாதங்களை அரிசிமாவுக் கரைசலில் நனைத்து, வாசற்படியிலிருந்து பூசையறை வரை நடக்க விடுவோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்த என் மகளின் சுவடுகளிலும் மகனின் சுவடுகளிலும் உட்பக்க வளைவே இல்லை. விரல்களிலிருந்து குதிகால் வரை ஒரே பரப்பாக மாவு படிந்திருந்தது. அப்போது மகளுக்கு வயது 9, மகனுக்கு 5. “இரண்டும் தட்டைக் காலாக இருக்கிறதே, ஒரு டாக்டரிடம் காட்டிவிடம்மா” என்றார் என் மாமியார். அவர் சொன்னது நல்லதற்குத்தான். ஆனால், ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த மாவுச் சுவட்டில் விடை இல்லை என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒரே மாதிரி சுவடு பதித்த இருவரில், மகளுக்கு இரு பாதங்களிலும் அறுவைச் சிகிச்சை செய்தோம். மகனுக்கு எதுவுமே செய்யவில்லை.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லேன். பள்ளியில் கணக்கு கற்பிக்கிறேன். எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும், வீட்டில் பட்ட அனுபவத்தையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றாகாது.

முதலில், நெகிழ்வான தட்டைப் பாதம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை நிற்கும்போது பாதத்தின் உட்பக்கம் தரையில் படிந்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதே குழந்தையை நுனிக்காலில் எம்பி நிற்கச் சொன்னால், இல்லாமற்போன வளைவு திரும்ப வந்துவிடும், குதிகாலும் உட்பக்கமாகத் திரும்பும். நின்றபடியே இருக்கும் குழந்தையின் கட்டைவிரலை மட்டும் நாம் மேல்நோக்கி மடக்கினாலும் வளைவு எழும்பும். உள்ளங்காலின் அடியில், குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உறுதியான ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் எலும்புகளை வில்லாகவும் இந்தப் பட்டையை நாணாகவும் எண்ணிக்கொண்டால் எளிதில் விளங்கும்: விரலை மடக்கும்போது நாண் இழுபடுகிறது, வில் வளைகிறது. இப்படி வளைவு திரும்பி வராமல் பாதம் விறைப்பாகவே இருந்தால் அது வேறு நோய். இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது போன்ற காரணங்களை அங்கே தேட வேண்டும். நான் இங்கே எழுதும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

நெகிழ்வான தட்டைப் பாதம் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டைதான். வளைவு முதல் பத்து ஆண்டுகளில் தானாக உருவாகிறது. அமெரிக்க மருத்துவர் ஸ்டாஹேலி தம் குழுவினருடன் 882 பாதங்களை அளந்து 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 1992-இல் வெளிவந்த அந்த ஆய்வில், காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலுடன் நடப்பவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் அது மிகுதி. இதைப் படித்த அன்று, என் மகளுக்கு நடை பழகிய நாளிலேயே விலை உயர்ந்த ஷூ வாங்கி மாட்டிவிட்டதை நினைத்து வருந்தினேன். காரணம் அதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் மகன் இப்போது வீட்டிலும் மொட்டை மாடியிலும் வெறுங்காலோடுதான் திரிகிறான்.

நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில், இருவரையும் நிற்க வைத்துப் பார்த்த சில நிமிடங்களிலேயே இருவருக்கும் ஷூவுக்குள் வைக்கும் கடினமான பிளாஸ்டிக் இன்சோல் எழுதிக் கொடுத்தார்கள். மகளுக்கு விரைவிலும் மகனுக்கு எட்டு வயது ஆனதும், பாதத்துக்குள் ஒரு சிறு திருகாணியை வைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அந்தச் சிகிச்சையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கணுக்காலுக்குக் கீழே தாலஸ் என்னும் எலும்பு, குதிகால் எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வெளிப்பக்கமாகத் திறக்கும் புனல் போன்ற ஒரு குழி உண்டு. அந்தக் குழிக்குள் உலோகத்தாலான ஓர் அடைப்பைச் செருகினால், தாலஸ் உட்பக்கமாகச் சரிந்து விழாமல் அது தடுத்து நிறுத்தும். வெட்டு மிகச் சிறியது, எலும்பை அறுக்க வேண்டியதில்லை, குழந்தை சீக்கிரம் நடக்கத் தொடங்கிவிடும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வளரும் வயதுக் குழந்தைகளுக்கு இதைப் பரவலாகச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குழியிலேயே வலி தொடங்கி, வைத்ததை எடுக்க வேண்டிய நிலை வருவதும் உண்டு; அடைப்பு இடம் நழுவலாம். இவை எல்லாவற்றையும்விட என்னைத் தயங்கச் செய்தது வேறொன்று: அன்றைக்கு என் இரு குழந்தைகளுக்குமே காலில் வலி இல்லை. வலியே இல்லாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு, மூன்று ஆண்டுகள் கழித்துச் செய்யப்போகும் அறுவையை இன்றே முடிவு செய்வது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே அதைக் கேட்டபோது, “பிறகு வலி வரும்” என்பது மட்டுமே பதிலாகக் கிடைத்தது.

இன்சோல்களை மட்டும் வாங்கினோம். மகன் இரண்டே நாளில் கழற்றி எறிந்தான். பல மாதங்கள் கழித்து, மகளுக்குப் பத்து வயது நிறைந்த சமயத்தில், அவளுக்கு உண்மையாகவே வலி வந்தது. பள்ளியில் ஓட்டப் பயிற்சி முடிந்த மாலைகளில் பாதத்தின் உட்பக்கம் வலிக்கிறது என்று அழுதாள். இன்சோல் வைத்த ஷூ போட்ட நாட்களில் வலி கூடுதலாக இருந்தது. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. கெண்டைக்காலும் இரவுகளில் இழுத்தது.

அதன் பிறகுதான் குழந்தைகளின் எலும்புச் சிகிச்சையை மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் சுவட்டையோ எக்ஸ்-ரேயையோ முதலில் கேட்கவில்லை. “பாப்பா, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் குந்தி உட்கார், பார்க்கலாம்” என்றார். மகளால் முடியவில்லை; பின்னால் சாய்ந்து விழப் போனாள். மகனையும் குந்தச் சொன்னார். அவன் சட்டென்று குந்தி, அங்கே தரையில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தான். எனக்கு அந்தக் கணத்தில்தான் ஒன்று உறைத்தது: வீட்டில் இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்த மாட்டேன் என்று அவள் இரண்டு ஆண்டுகளாக அடம் பிடித்ததை நாங்கள் பிடிவாதம் என்றே எண்ணிக் கண்டித்திருந்தோம்.

பிறகு அவளைப் படுக்க வைத்து, குதிகாலைச் சற்று உட்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கியும் நீட்டியும் பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். முழங்கால் மடங்கியிருந்தபோது பாதம் ஓரளவு மேலே வந்தது. நீட்டியபோது நேர்க்கோணத்துக்குக்கூட வரவில்லை. கெண்டைக்கால் தசையின் மேலடுக்கு முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குவதால், முழங்காலை நீட்டும்போது மட்டும் இறுக்கம் தெரிந்தால் குறை அந்தத் தசையில் இருக்கிறது என்றும், இரண்டு நிலையிலும் இறுக்கமாக இருந்தால் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாண் முழுவதுமே குட்டையாக இருக்கிறது என்றும் விளக்கினார்.

இந்த இறுக்கம்தான் என் இரு குழந்தைகளுக்கும் உள்ள வேறுபாடு. நடக்கும்போது உடல் பாதத்தைத் தாண்டி முன்னே செல்ல, கணுக்கால் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். தசைநாண் விடாவிட்டால் கணுக்கால் மடங்காது. மடங்க வேண்டிய அந்த அளவைப் பாதத்தின் நடுப்பகுதி ஏற்றுக்கொண்டு, நடுவில் உடைந்ததுபோல் கீழே வளைகிறது. அப்போது தாலஸ் எலும்பின் தலை உட்பக்கமாகக் கீழிறங்கி ஒவ்வோர் அடியிலும் தரையில் மோதுகிறது. காய்ப்பு காய்த்தது அங்கேதான். கடினமான இன்சோல் ஏன் வலியைக் கூட்டியது என்பதும் இதிலிருந்தே விளங்கியது: மேலிருந்து தசைநாண் அழுத்த, கீழிருந்து பிளாஸ்டிக் தடுக்க, நடுவில் அந்த எலும்பு நசுங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா நாட்டுப் படைவீரர் 3600-க்கும் மேற்பட்டோரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் என்னும் இருவர், தட்டைப் பாதம் உள்ள வீரர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் என்றும், குட்டையான குதிகால் தசைநாணும் சேர்ந்திருப்பவர்களே வலியால் அவதிப்படுகிறவர்கள் என்றும் 1940-களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் தெரிந்துவிட்ட இந்த வேறுபாட்டை, நாங்கள் முதலில் சென்ற இடத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மகனுக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம், இன்சோலும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வளைவை உண்டாக்குவதற்கென்று விற்கப்படும் ஷூக்களையும் இன்சோல்களையும் சிறு குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் அணிவித்து, எதுவும் அணியாத குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்றை வெங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1989-இல் வெளியிட்டார். எல்லாப் பிரிவினருக்கும் வளைவு ஒரே மாதிரி தானாக மேம்பட்டிருந்தது. மென்மையான இன்சோல் வலியைக் குறைக்கலாம்; வளைவை உருவாக்காது.

மகளுக்கும் உடனே கத்தியை எடுக்கவில்லை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொன்னார். சுவரைப் பார்த்து நின்று, பின்காலின் முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்னே சாயும் அந்தப் பயிற்சி பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தட்டைப் பாதம் உள்ள குழந்தை அதைச் செய்யும்போது பாதத்தைச் சற்று உட்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெண்டைக்கால் நீளாமல் பாதத்தின் நடுப்பகுதியே மேலும் படியும். இந்த ஒரு சிறு திருத்தத்தை இயன்முறை மருத்துவர் கற்றுக் கொடுக்கும்வரை நாங்கள் சில வாரங்கள் தவறாகவே செய்துகொண்டிருந்தோம். ஓராண்டுக்கும் மேல், காலையும் மாலையும் விடாமல் செய்தாள். கெண்டைக்கால் இழுப்பு குறைந்தது. பாத வலி குறையவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியின் மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் ஓரிடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் அறுவைச் சிகிச்சை என்ற பேச்சை மருத்துவர் எடுத்தார்.

அவர் பரிந்துரைத்தது குதிகால் எலும்பை நீட்டும் அறுவை. பிரிட்டனைச் சேர்ந்த டில்வின் எவான்ஸ் 1975-இல் எழுதிய முறை அது. அமெரிக்கரான வின்சென்ட் மோஸ்கா அதைச் செம்மைப்படுத்தி 1995-இல் வெளியிட்ட வடிவத்தைத்தான் இன்று பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். வளைவு இல்லாதது உட்பக்கம், வெட்டுவதோ வெளிப்பக்கம். இது எனக்கு முதலில் விளங்கவேயில்லை. மருத்துவர் தம் உள்ளங்கையை விரித்து இப்படி விளக்கினார்: பாதத்துக்கு உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு கரைகள். இத்தகைய பாதத்தில் வெளிக்கரை உட்கரையைவிடக் குட்டையாக இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் முன்பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, தாலஸின் தலை தாங்க ஆளின்றி உள்ளே சரிகிறது. வெளிக்கரையை நீட்டினால் முன்பாதம் தாலஸின் தலையைச் சுற்றிக்கொண்டு உட்பக்கமாகத் திரும்பி அதன் கீழே வந்து தாங்கும். அடியிலுள்ள நார்களும் இழுபட்டு வில் வளையும். எந்த மூட்டையும் ஒட்டவைக்காமல் இது நடக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூட்டுகளை ஒட்டிவிடும் பழைய முறைகளில் வடிவம் சரியானாலும், பாதம் நெகிழ்வை இழந்து, அதன் சுமை பக்கத்து மூட்டுகளின் மேல் விழுந்து, பிற்காலத்தில் அவை தேய்கின்றன.

குதிகால் எலும்பை, அதற்கு முன்னுள்ள கனசதுர எலும்போடு சேரும் மூட்டிலிருந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் வெட்டி விரித்து, அந்த இடைவெளியில் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த ஆப்பு வடிவத் துண்டை வைத்தார்கள். விரிக்கும்போது அந்த மூட்டு பிதுங்கிவிடாமலிருக்க ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தினார்கள். வெளிப்பக்கத்தில் ஓடும் ஒரு தசைநாணை நீட்டினார்கள். தளர்ந்து போயிருந்த உட்பக்க நார்களைச் சேர்த்து இறுக்கித் தைத்தார்கள். கெண்டைக்கால் இறுக்கத்தையும் அதே மயக்கத்தில் தளர்த்தினார்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் எலும்பை மட்டும் திருத்தினால், இறுகிய தசைநாண் பாதத்தை மறுபடியும் வளைக்கவே பார்க்கும் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். உங்கள் குழந்தைக்கு எந்த முறையைப் பரிந்துரைத்தாலும், குதிகால் இறுக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வைத்த எலும்பு சேராமல் போகலாம், அமிழ்ந்துவிடலாம், திருத்தம் கூடலாம் அல்லது குறையலாம், வெட்டுக்கு அருகில் ஓடும் நரம்பு காயப்படலாம், புண்ணில் சீழ் பிடிக்கலாம். என் கணவருக்கு அந்தப் பட்டியலைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ, மறைக்காமல் சொல்கிறவர் என்பதாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் வலது பாதத்துக்குச் செய்தோம். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பாதத்தைவிட, எலும்பு எடுத்த இடுப்புதான் முதல் வாரம் அவளை அதிகம் வருத்தியது. எட்டு வாரம் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. அந்தக் காலை ஊன்றவே கூடாது. ஆறாவது வாரம் கட்டைப் பிரித்து, கம்பியை எடுத்து, எக்ஸ்-ரே பார்த்து, மறுபடியும் கட்டுப் போட்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் வீடே அவளுக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது. மாடியறையிலிருந்த கட்டிலைக் கூடத்துக்கு இறக்கினோம். நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைக் கழிப்பறைக்கு வாங்கினோம். இதை அறுவைக்கு முந்தைய வாரமே வாங்கி, வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலால் நகரவும் பழக்கியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. குளிக்கும்போது கட்டின் மேல் இரண்டு பிளாஸ்டிக் பைகளைச் சுற்றி, காலை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொள்வோம். மே மாத வெக்கையில் கட்டுக்குள் அரித்தபோது பின்னல் ஊசியை உள்ளே விடக் கேட்டு அழுதாள். உள்ளே புண்ணாகிவிடும் என்பதால் விடவில்லை. மின்விசிறியின் கீழே காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, அவள் தூங்கும்வரை மாமியார் விசிறிக்கொண்டிருப்பார்.

கட்டைப் பிரித்த நாளில் கால் மெலிந்து, தோல் உரிந்து, பார்க்கவே கலக்கமாக இருந்தது. பாதத்தை ஊன்ற அவள் பயந்தாள். மூன்றாம் மாதத்தில்தான் கைத்தாங்கல் இல்லாமல் நடந்தாள். ஓடுவதற்கு ஏறக்குறைய ஆறு மாதமாயிற்று. பாதத்தின் வெளியோரத் தோலில் உணர்ச்சி மரத்திருந்தது. மருத்துவர் முன்பே சொன்ன நரம்புதான் காரணம். அது ஏழெட்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. உட்பக்கக் காய்ப்பு தானாகவே உதிர்ந்து, தோல் மென்மையானது. அந்தப் பாதத்தில் பழைய வலி பின்னர் வரவில்லை. அதனால்தான் அடுத்த ஆண்டு கோடையில், இடது பாதத்துக்கும் செய்துவிடலாம் என்று அவளே கேட்டாள்.

மகனுக்கு இப்போது பத்து வயது. அவன் பாதம் இன்னும் தட்டையாகவே இருக்கிறது. கால்பந்து ஆடுகிறான், வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை, குதிகால் படியக் குந்துகிறான். “மூத்தவளுக்குச் செய்துவிட்டீர்கள், இவனுக்கு எப்போது?” என்று உறவினர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள். நாளை இராணுவத்துக்கோ காவல்துறைக்கோ போக விரும்பினால் தடையாகிவிடாதா என்றும் கேட்கிறார்கள். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்புவதையும் பாதம் வலியின்றி நெகிழ்வாக இருப்பதையும் நம் இராணுவத்தின் மருத்துவத் தேர்விலும் கருத்தில் கொள்கிறார்கள். வேறெந்தத் தேர்விலாவது தடை வந்தாலும், வலியில்லாத பாதத்தின் எலும்பை அதற்காக வெட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை அவனை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். அவர் முழங்காலை நீட்டி வைத்துக் குதிகாலின் இறுக்கத்தைப் பார்க்கிறார். இந்த ஆண்டும் இறுக்கம் இல்லை.

மகளின் இடது பாதத்துக்கு அறுவை முடிந்து பத்து மாதமாகிறது. காலையில் எழுந்ததும் முதல் சில அடிகள் இன்னும் விறைப்பாக இருக்கின்றன; மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். கெண்டைக்கால் பயிற்சியை, பாதத்தை உட்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தொடர்கிறாள். எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை ஆனி மாதத்தில்.